ஆற்றில் விளக்கு ஏன் கோடாக நீள்கிறது?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு பிளஸ் ஒன் மாணவி கேட்டிருக்கிறார்: "ரோன் ஆற்றங்கரையை வான்கோ வரைந்த ஓவியத்தில், ஊர் விளக்குகள் தண்ணீரில் நீளநீளமாக இறங்குகின்றனவே, அது கற்பனையா?"

கற்பனை இல்லை. 1888இல் பிரான்சின் ஆர்ல் நகரில் இரவிலேயே வரைந்த படம் அது. வடக்கே இருக்க வேண்டிய சப்தரிஷி மண்டலத்தைத் தென்மேற்கு வானில் கொண்டுவந்து வைத்தது ஓவியர் எடுத்துக்கொண்ட உரிமை. தண்ணீரை மட்டும் உள்ளபடியே வரைந்திருக்கிறார். இருட்டிய பிறகு உங்கள் ஊர்ப் பக்கம் தென்பெண்ணையாற்றின் குறுக்கே உள்ள கே.ஆர்.பி. அணைக்கரையில் நின்றால் நீங்களே பார்க்கலாம்.

படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம், பள்ளியிலேயே படித்ததுதான். அசையாத நீரில் ஒரு விளக்குக்கு ஒரு பிம்பம். காற்று லேசாக வீசினால் போதும், நீர்ப்பரப்பு எண்ணற்ற சின்னக் கண்ணாடிகளாகி, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாயும். எல்லாத் திசையிலும்தானே சாய்கின்றன, ஒளி ஏன் வட்டமாகப் பரவவில்லை?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மேசைமேல் ஒரு கைக்கண்ணாடியைப் படுக்க வையுங்கள். செல்போன் டார்ச்சை மேசையை ஒட்டினாற்போலத் தாழ்வாகப் பிடித்து அடியுங்கள். கண்ணாடியை முன்பின்னாகச் சற்றே சாய்த்தால் எதிர்ச்சுவரில் வெளிச்சம் விறுவிறுவென்று ஏறும். 10 டிகிரி சாய்த்தால் ஒளி 20 டிகிரி திரும்பிவிடும். அதே அளவு பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள், வெளிச்சம் இடவலமாகக் கொஞ்சம்தான் நகரும். ஒளி எவ்வளவு தாழ்வாக வருகிறதோ அவ்வளவுக்குப் பக்கச் சாய்வு பலிக்காது. ஆற்றிலும் இதே கதைதான்: நமக்கும் விளக்குக்கும் இடையிலான நேர்கோட்டில் முன்பின்னாகச் சாய்ந்த அலைகள் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடும், கோட்டை விட்டு விலகிய அலைகளால் அது முடியாது. அதனால்தான் வட்டம் இல்லை, கோடு.

கணக்கும் போடலாம். கண் நீருக்கு 5 மீட்டர் மேலே, 200 மீட்டர் தள்ளி அக்கரையில் அதே உயரத்தில் விளக்கு, அலைச்சரிவு 10 டிகிரி வரை. ஒளிக்கோடு நமக்கு 13 மீட்டர் முன்னால் தொடங்கி, விளக்குக்கு 13 மீட்டர் இருக்கும்வரை போகும். நடுவில் அதன் அகலமோ 2 மீட்டர்கூட இல்லை!

1950களில் காக்ஸ், மங்க் என்ற இரு விஞ்ஞானிகள் விமானத்திலிருந்து கடலில் சூரியன் மினுங்குவதைப் படமெடுத்து, மினுக்கம் பரவிய அளவை வைத்து அலைகளின் சரிவைக் கணக்கிட்டார்கள். காற்று வலுக்க வலுக்கச் சரிவும் கூடியது. செயற்கைக்கோள் படங்களில் கடலைப் படிக்க அந்தக் கணக்கு இன்றும் பயன்படுகிறது. "மினுக்கத்தை ஆராய்ந்து என்ன பயன்?" என்று கேட்டு நிதியை மறுப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

தென்பெண்ணையை வரையப்போகிறீர்களானால் முதலில் காற்றைக் கவனியுங்கள். காற்றே இல்லாத இரவென்றால் புள்ளியாகவே வையுங்கள். சிலுசிலுவென்று வீசினால் தூரிகையைத் தயங்காமல் கீழே இழுக்கலாம்.