சென்னையில இருந்து கொச்சிக்குப் போற சின்ன ஃப்ளைட் சுணங்கினா நமக்கு என்ன கிடைக்கும்?

கார்த்திகையில மாலை போட்டா மட்டக்களப்பு, கல்லாறு, காரைதீவு, அக்கரைப்பத்து பக்கமெல்லாம் சாமிமார் சபரிமலைக்கு வெளிக்கிடத் தொடங்கிருவாங்க. 2025ல நம்மட இலங்கை அமைச்சரவையும் இத அரச அங்கீகாரம் உள்ள யாத்திரையா ஏத்துக்கிட்டது. முந்தி சென்னையில இறங்கி ரெயில்ல இல்லாட்டி வேன்ல போறதுதான் வழக்கம், இப்ப கன பேர் சென்னையில இருந்தோ வேற ஊர்ல இருந்தோ கொச்சிக்கு ஒரு மணித்தியாலச் சொச்ச உள்நாட்டு ஃப்ளைட் எடுக்கிறாங்க. அந்த சின்ன ஃப்ளைட்டுக்கு இந்திய அரசாங்கத்திட விதி ஒண்டு இருக்கு, அது நமக்கும் பொருந்தும் எண்டது கன பேருக்குத் தெரியா. இந்திய பாஸ்போட் இருந்தாத்தான் எண்டு அதுல எங்கயும் இல்ல, டிக்கெட் இருந்தாக் காணும்.

இந்த விதிய போட்டது டிஜிசிஏ, அதாவது இந்தியாட விமானப் போக்குவரத்தக் கட்டுப்படுத்திற அரச திணைக்களம்.

முதல்ல சுணக்கம். ரெண்டரை மணித்தியாலத்துக்கு உள்ள பறக்கிற ஃப்ளைட் ரெண்டு மணித்தியாலம் இல்லாட்டி அதுக்கு மேல பிந்துமெண்டா, நேரத்துக்கு செக்-இன் பண்ணின ஆக்களுக்கு சாப்பாடும் குடிக்கிறதுக்கும் தரணும். கேட்டாத்தான் வரும், அது வேற கதை. ஆறு மணித்தியாலத்துக்கு மேல பிந்துமெண்டா வேற ஃப்ளைட்ல ஏத்தச் சொல்லலாம், இல்லாட்டி முழுக் காசையும் திருப்பிக் கேக்கலாம், எது வேணுமெண்டு முடிவெடுக்கிறது நீங்கதான். 24 மணித்தியாலத்துக்கு மேல போனா ஹோட்டலும் தரணும். இரவு 8 மணிக்கும் விடிய 3 மணிக்கும் இடையில வெளிக்கிட வேண்டிய ஃப்ளைட்டெண்டா ஆறு மணித்தியாலத்துக்கு மேல பிந்தினாலே ஹோட்டல்.

கேன்சல் ஆனாத்தான் நட்டஈடு எண்ட கதை வரும். ரெண்டு கிழமைக்கு முந்தியே அறிவிச்சுட்டாங்கெண்டா வேற ஃப்ளைட் இல்லாட்டி காசு, அவ்வளவுதான். அறிவிக்காமலே கேன்சல் பண்ணினா டிக்கெட் காசுக்கு மேலதிகமா நட்டஈடும் தரணும், ஒரு மணித்தியாலம் வரை பறக்கிற ஃப்ளைட்டுக்கு 5,000 இந்திய ரூபா, ஒண்டுல இருந்து ரெண்டு மணித்தியாலத்துக்கு 7,500, அதுக்கு மேல 10,000. இந்தத் தொகையப் பாத்துப்போட்டு சந்தோசப்படாதீங்க, ஏனெண்டா விதியில 'இந்தத் தொகை, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேந்தது, ரெண்டுல எது குறைவோ அது' எண்டுதான் இருக்கு. டிக்கெட்ல வரி, விமான நிலையக் கட்டணமெல்லாம் கழிச்சா அடிப்படைக் கட்டணம் 3,000 ரூபாதானெண்டா கையில வாறதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மலிவு டிக்கெட் எடுத்த ஆளுக்கு மலிவு நட்டஈடு. எனக்கு இது சரியான நியாயமாப் படல்ல, ஆனா விதி அப்படித்தான் இருக்கு.

டிக்கெட் இருந்தும் ஆள் கூடிப்போச்சு எண்டு ஏத்தாம விட்டா அதுக்கு வேற கணக்கு. முதல்ல தானா விட்டுக்குடுக்கிற ஆக்கள் இருக்காங்களா எண்டு கேக்கணும். மறுகாவும் உங்கள விட்டுட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள்ள வேற ஃப்ளைட் தந்தா காசில்ல, 24 மணித்தியாலத்துக்குள்ள தந்தா அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேந்ததிட ரெண்டு மடங்கு, கூடினது 10,000 ரூபா, அதுக்கும் பிந்தினா நாலு மடங்கு, கூடினது 20,000.

இனி நம்மட ஆக்கள் மாட்டுப்படுற இடத்துக்கு வாறன். புக் பண்ணக்குள்ள தொடர்பு விபரம் சரியாக் குடுக்காத பயணிக்கு நட்டஈடு குடுக்கத் தேவையில்ல எண்டு விதியிலேயே எழுதியிருக்கு. நம்ம ஊர்ல குழுவாப் போறவங்களுக்கு டிக்கெட் போடுறது ஆரு? ஏஜென்சிக்காரர், இல்லாட்டி குருசாமிக்குத் தெரிஞ்ச பொடியன் ஒருத்தன். இருபது பேருக்கும் ஒரே ஃபோன் நம்பர், அதுவும் அவரிட நம்பர், ஒரே ஈமெயில், அதுவும் அவரிடது. கேன்சல் எண்டு மெசேஜ் முதல் நாளே அவருக்குப் போயிருக்கும், சாமிமார் சென்னை ஏர்போட் வாசல்ல இருமுடியோட நிப்பாங்க, எயார்லைன்காரன் 'நாங்க அறிவிச்சுட்டம்' எண்டு சொன்னா நமக்கு மறுத்துக் கதைக்க ஒண்டுமில்ல. அதால உங்கட சொந்த நம்பரையும் நீங்க திறந்து பாக்கிற ஈமெயிலையும் போடச் சொல்லுங்க. இந்தியாவுக்குப் போனதும் நம்மட சிம்ம கழட்டி வைக்கிற ஆளெண்டா ஈமெயில்தான் முக்கியம், ஏர்போட் வைஃபையில அத ஒருக்கா திறந்து பாருங்க.

அடுத்தது டிக்கெட்ட ரெண்டா வெட்டி எடுக்கிறது. கட்டுநாயக்கவில இருந்தோ பலாலியில இருந்தோ சென்னைக்கு ஒரு டிக்கெட், சென்னை–கொச்சிக்கு வேற கம்பனியில வேற டிக்கெட். காசு மிச்சம்தான், ஆனா ஒரே டிக்கெட் நம்பர்ல இருக்கிற தொடர் ஃப்ளைட்ட தவறவிட்டாத்தான் விதி உங்களக் காப்பாத்தும். தனித்தனியா எடுத்தா முதல் ஃப்ளைட் பிந்தினதுக்கு ரெண்டாவது கம்பனி பொறுப்பில்ல, உங்கட சீட் போச்சு. பொதியும் அப்படித்தான், ரெண்டாவது டிக்கெட்ல கனக்க இடங்கள்ல 15 கிலோதான் விடுவாங்க, வரக்குள்ள சேலை, பாத்திரம் வாங்கிற குணம் நமக்கு இருக்கிறதால இத யோசிச்சு வைங்க. தனித்தனியாத்தான் எடுப்பன் எண்டா நடுவில நாலஞ்சு மணித்தியாலமாவது விடுங்க, சென்னையில குடிவரவு வரிசை, பொதி எடுக்கிறது, மறுகா உள்நாட்டு டெர்மினலுக்கு மாறுறது எல்லாம் இருக்கு, உள்நாட்டுக்கு ஒண்டு, நாலு எண்டு ரெண்டு டெர்மினல், உங்கட டிக்கெட்ல எது எண்டு பாத்துட்டு நடங்க. வாசல்லயே டிக்கெட்டும் அடையாளமும் கேப்பாங்க, நமக்கு அடையாளமெண்டா பாஸ்போட்தான்.

மழையையும் சொல்லணும். கார்த்திகை, மார்கழியில சென்னையில மழையும் புயலும் வாற காலம். காலநிலை, பாதுகாப்புப் பிரச்சினை, வேலைநிறுத்தம் மாதிரி எயார்லைன்ட கையில இல்லாத காரணமெண்டா நட்டஈடு இல்ல. டிக்கெட் காச, இல்லாட்டி வேற ஃப்ளைட்ட கேளுங்க, அத விடாதீங்க. மழை எண்டு வாயால சொன்னாப் போதாது, காரணத்த எழுத்தில கேட்டு வாங்குங்க, மெசேஜ் ஸ்க்ரீன்ஷொட் எண்டாலும் காணும். மறுகா முறைப்பாடு போடுறதெண்டா முதல்ல எயார்லைனுக்குத்தான் எழுதணும், அவங்க மழுப்பினா இந்திய விமானப் போக்குவரத்து அமைச்சிட 'எயார்சேவா' எண்ட இணையத்தளமும் ஆப்பும் இருக்கு, அதுல பிஎன்ஆர் நம்பரோட, அதாவது டிக்கெட்ல இருக்கிற புக்கிங் நம்பரோட போடலாம், ஊருக்கு வந்து வீட்ட இருந்தும் போடலாம்.

இருமுடித் தேங்காய் பற்றியும் கேப்பீங்க. சாதாரண நாள்ல கைப்பொதியில தேங்காய் விடமாட்டாங்க. ஆனா 2024 ஒக்டோபர்ல சபரிமலை சாமிமாருக்கு மட்டும் அனுமதி குடுத்தாங்க, 2025 ஜனவரி 20 வரைக்கும், எக்ஸ்ரே, வெடிமருந்துச் சோதனை, கையால சோதனை எல்லாம் முடிஞ்சாப் பிறகு. காலம் குறிச்சுக் குடுக்கிற அனுமதி எண்டதால ஒவ்வொரு சீசனும் எயார்லைன்ட கேட்டுத் தெரிஞ்சுட்டு கட்டுங்க. இது இந்திய ஏர்போட்டுக்குள்ள செல்லுபடியான அனுமதி, கட்டுநாயக்கவில இதக் காட்டி வாதாடி மினக்கெட வேணாம். கொப்பறாத் தேங்காய் எண்டா கைப்பொதியிலயும் இல்ல, செக்-இன் பொதியிலயும் இல்ல, அது தீப்பிடிக்கிற சாமான் கணக்கு.