வாழ்த்து அட்டை செய்யும் கைக்கு வலி எங்கிருந்து வருகிறது?

அந்த அம்மா உள்ளே வரும்போதே வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் லேசான வீக்கம். பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை, சாவியைத் திருப்ப முடியவில்லை.

"தண்ணி வாளி தூக்கினப்ப பிசகியிருக்கும்னு நினைச்சேன் டாக்டர். தைலம் தேய்ச்சுப் பாத்தாச்சு, கேக்கல."

(நான் பிசியோதெரபிஸ்ட். எத்தனை முறை சொன்னாலும் டாக்டர்தான்.)

வாளி தூக்கியது என்றைக்கு என்று கேட்டால் ஞாபகமில்லை. சரி, போன மாதம் கையால் எந்த வேலையை அதிகம் செய்தீர்கள் என்றதும் வலியெல்லாம் மறந்து முகம் மலர்ந்துவிட்டது. பையைத் திறந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார்.

கையால் செய்த வாழ்த்து அட்டை. தடிமனான வெளிர் மஞ்சள் அட்டை, ஓரமாக ரப்பர் ஸ்டாம்பில் அடித்த கொடி, கொடி நெடுக ஆறு காகிதப் பூக்கள், ஒவ்வொரு பூவின் நடுவிலும் ஒரு பொடி முத்து. மகள் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி சொல்ல 150 அட்டைகள் செய்திருக்கிறார். பூவை எப்படி வெட்டினீர்கள் என்றேன். காற்றில் கட்டைவிரலை அழுத்திக் காட்டினார். காட்டும்போதே முகம் சுளித்தது.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 150 அட்டை, அட்டைக்கு ஆறு பூ, ஒவ்வொரு பூவும் இரண்டு அடுக்கு. தாளைப் பூ வடிவில் வெட்டும் பஞ்சை 1,800 தடவை அழுத்தியிருக்கிறார். மூன்றே வாரத்தில், ஒரே கட்டைவிரலால். வாளி மேல் வீண்பழி.

கட்டைவிரலை விரிக்கவும் நிமிர்த்தவும் உதவும் இரண்டு தசைநாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்றவை), மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகலான உறை வழியாகப் போகின்றன. துணி மடிப்புக்குள் நாடா ஓடுகிற மாதிரிதான். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது அந்த உறை தடித்துப்போகும். நாடா ஓட இடமில்லாமல் உரசும். 1895ல் ஃபிரிட்ஸ் டி குவெர்வேன் என்ற சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் இதை விவரித்தார், பிரச்சினைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இறக்கும் தாய்மார்களிடம் இதை அதிகம் பார்ப்போம். அட்டை செய்பவர்களிடமும் பார்க்கலாம் என்று அந்த அம்மாவுக்குப் பிறகுதான் நான் கேட்கவே ஆரம்பித்தேன். கேட்டால் வருகிறது.

கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பார்க்கும் சோதனை ஒன்று வீடியோக்களில் சுற்றுகிறது. தயவுசெய்து அதை வைத்து நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம். வேகமாகச் சாய்த்தால் நன்றாக இருக்கிற கையிலும் சுருக்கென்று வலிக்கும்.

வலி வரும் இன்னொரு இடம் கட்டைவிரலின் அடிமூட்டு. குதிரைச் சேணத்தின் மேல் சேணம் கவிழ்த்ததுபோன்ற மூட்டு அது. எல்லாத் திசையிலும் அசையும், அந்தச் சுதந்திரத்துக்கு விலையும் கொடுக்கும். விரல் நுனியில் ஒரு கிலோ அழுத்தம் கொடுத்துக் கிள்ளிப் பிடித்தால் அடிமூட்டில் விழும் பளு ஏறத்தாழ 12 கிலோ என்று 1977ல் வந்த ஒரு கணக்கீடு சொல்கிறது. பஞ்ச் நுனியில் அழுத்தம் கொடுக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு இந்த மூட்டு தேய்வது சாதாரணமாகவே அதிகம்.

இதைச் சொன்னதும் பலர் "அப்ப அட்டை செய்யறதையே விட்டுடவா?" என்று கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். நானும் அட்டை செய்கிறவள்தான். எலும்பு முறிவு கூடி, கட்டுப் பிரித்து வருகிறவர்களுக்கு ஸ்டாம்ப் அடிப்பதைப் பயிற்சியாகவே கொடுக்கிறேன். இத்தனை வருடத்தில் நான் கவனித்தது ஒன்று: கை வலிக்க வலிக்கச் செய்த அட்டை பெரும்பாலும் நன்றாகவும் இருப்பதில்லை. அச்சு திட்டுத்திட்டாக இருக்கும், ஓரம் பிசிறியிருக்கும், மடிப்பு வெடித்திருக்கும். கைக்குச் சுகமான முறைதான் அட்டைக்கும் சரியான முறை.

ஸ்டாம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அச்சு சரியாக விழவில்லை என்றால் எல்லோரும் முதலில் செய்வது இன்னும் பலமாக அழுத்துவது. கோளாறு பலத்தில் இல்லை. புது ஸ்டாம்பின் முகத்தில், அச்சிலிருந்து எடுத்தபோது ஒட்டிய வழுவழுப்பு மெல்லிய படலமாக இருக்கும். மை அதில் பரவாமல் முத்து முத்தாகத் திரளும். வெள்ளை ரப்பரால், அதாவது பென்சில் அழிக்கும் ரப்பரால், ஸ்டாம்பின் முகத்தை இதமாக ஒருமுறை தேய்த்து, துடைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். பாதி அழுத்தம் போதும்.

அடுத்தது அடியில் இருக்கும் மேசை. வெறும் மரமோ கண்ணாடியோ என்றால் அட்டையின் சிறு மேடுபள்ளத்துக்குக்கூட ஸ்டாம்ப் இணங்காது. ஒரு பழைய மவுஸ் பேடையோ மெல்லிய ஃபோம் ஷீட்டையோ அட்டைக்கு அடியில் போடுங்கள். சொரசொரப்பான அட்டை பார்க்க அழகுதான், ஆனால் நுணுக்கமான கோடுள்ள ஸ்டாம்புக்கு அது எதிரி. வழுவழுப்பான அட்டையில் அடித்து, வெட்டி, சொரசொரப்பான அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். மை பேட் காய்ந்திருந்தாலும் கைதான் ஈடுகட்டும். ஃபோம் பேடைத் தலைகீழாக வைத்தால் மை மேல்முகத்துக்கு இறங்கியிருக்கும். அதற்கும் மசியவில்லை என்றால் ரீஃபில் மை ஊற்றுங்கள்.

இப்போது அடிக்கும் விதம். ஸ்டாம்பைப் பேடில் குத்தாதீர்கள். ஸ்டாம்பை முகம் மேலே தெரியும்படி மேசையில் வைத்து, பேடை எடுத்து அதன் மேல் மெல்லத் தட்டித் தட்டி மை ஏற்றுங்கள். எங்கே ஏறவில்லை என்பது கண்ணுக்குத் தெரியும். பிறகு எழுந்து நில்லுங்கள். இதுதான் முக்கியம். உட்கார்ந்து அடித்தால் விரலும் மணிக்கட்டும் வேலை செய்யும். நின்று, முழங்கையை நேராக்கி, உள்ளங்கையின் அடிப்பாகத்தை ஸ்டாம்பின் முதுகில் வைத்து உடம்பை லேசாகச் சாய்த்தால் உங்கள் எடையே வேலையை முடித்துவிடும். அசைக்காமல் மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணுங்கள். நேராக மேலே தூக்குங்கள். முன்னும் பின்னும் ஆட்டுவதுதான் இரட்டை ஓரம் விழுவதற்குக் காரணம், மணிக்கட்டு வலிக்கும் அதுவே காரணம்.

உள்ளங்கையை விடப் பெரிய ஸ்டாம்ப் என்றால் முறையையே புரட்டிவிடுங்கள். மை தடவிய ஸ்டாம்ப் கீழே, அட்டை அதன் மேலே, அட்டைக்கு மேல் ஒரு வெள்ளைத்தாள், அதன் மேல் கையால் நீவிவிட்டால் போதும். ஆக்ரிலிக் பிளாக்கில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கட்டை) ஒட்டி அடிக்கும் கண்ணாடி மாதிரியான பாலிமர் ஸ்டாம்புக்கு இன்னும் குறைந்த அழுத்தமே வேண்டும். அது மெத்தென்றிருப்பதால் பலமாக அழுத்தினால் கோடெல்லாம் பருத்து, மெல்லிய எழுத்து குண்டாகிவிடும். நூறு அட்டை அடிக்கப் போகிறவர்கள் ஸ்டாம்பையும் அட்டையையும் நகராமல் பிடிக்கும், கீல் வைத்த ஸ்டாம்பிங் பிளாட்ஃபார்ம் ஒன்று வாங்கிவிடுவது நல்லது. முதல் தடவை சரியாக விழாவிட்டால் அதே இடத்தில் இரண்டாம் தடவை அடிக்கலாம். ஒரே அடியில் தைரியத்தைக் காட்ட வேண்டியதில்லை.

பஞ்சுக்கும் இதே நியாயம்தான். மேசையில் வைத்து, நின்று, உள்ளங்கையால். தலைகீழாகத் திருப்பிக் கையில் பிடித்துக் கட்டைவிரலால் அமுக்கினால் எங்கே வெட்டுகிறோம் என்று தெரியும், உண்மைதான். இடத்தைப் பார்த்துக்கொண்டு பிறகு மேசையில் வைத்து அழுத்துங்கள். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அட்டையைப் பூவுக்குப் பயன்படுத்தாதீர்கள். அது அட்டையின் உடம்புக்கு. பூவுக்கு 120 ஜிஎஸ்எம் தாள் போதும், இதழைச் சுருட்டவும் வளையும். பஞ்ச் சிக்கினால் மெழுகுத்தாளை நாலைந்து முறை வெட்டவிடுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். நூற்றுக்கணக்கில் பூ வேண்டுமென்றால் அது, வெட்டு அச்சை வைத்துக் கைப்பிடியைச் சுற்றி வெட்டும் டை கட்டிங் மெஷினின் வேலை. அதன் கைப்பிடியையும் மணிக்கட்டால் திருகாமல் தோளிலிருந்து சுற்றுங்கள்.

கத்தரிக்கோலைப் பற்றி ஒரு வரி: கத்தரி நிற்கட்டும், தாள் திரும்பட்டும். வளைவும் பிசிறில்லாமல் வரும்.

மடிப்பில் நிறையப் பேர் கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் கூர்மையாக்குகிறார்கள். அதற்கு முன்னால் அட்டையின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். அட்டையை மடிக்காமல் நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை லேசாக வளையுங்கள். எந்த வளைவு எதிர்ப்பில்லாமல் வருகிறதோ, அந்த வளைவின் முதுகுக்கோடு ஓடும் திசைதான் நார் ஓடும் திசை. மடிப்புக்கோடு அதே திசையில் இருந்தால் வழிவிடும், குறுக்கே இருந்தால் வெடித்து வெள்ளை நார் தெரியும். ஸ்கேல் வைத்து போன் ஃபோல்டரால் (மடிப்பு நீவும் மழுங்கிய பட்டை) கோடு கிழித்து, பள்ளம் விழுந்த பக்கம் வெளியே வரும்படி மடித்து, அதே ஃபோல்டரைப் படுக்கவைத்து ஒரே இழுப்பாக நீவுங்கள்.

இனி சொல்லப்போவது வலி சம்பந்தப்பட்டதல்ல, ஆனால் இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

கல்லூரிப் பையன் ஒருவன். தோழிக்குப் பிறந்தநாள் அட்டை வெட்டும்போது கட்டர் ஸ்கேல் மேல் ஏறி, இடது கை ஆள்காட்டி விரலின் உள்பக்கம் கீறிவிட்டது. காயம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. பிளாஸ்டர் போட்டான், ரத்தம் நின்றது, காயமும் ஆறிவிட்டது. நாலு வாரம் கழித்து என்னிடம் வந்தான்: விரலின் கடைசிக் கணு மடங்கவே மாட்டேன் என்கிறது. மேலே சின்னக் கீறல், உள்ளே தசைநாண் துண்டாகியிருந்தது. அறுந்த நாண் உள்ளங்கைப் பக்கம் சுருங்கிப் போய்விடும். சில நாட்களுக்குள் வந்திருந்தால் நேரடியாக இணைத்துத் தைப்பது எளிது. நாலு வாரத்தில் அது பெரிய வேலையாகிவிட்டது. உள்பக்கத்தில் விரல் வெட்டுப்பட்டால் ரத்தத்தை நிறுத்திய கையோடு இரண்டைச் சோதியுங்கள். ஒவ்வொரு கணுவும் தனித்தனியாக மடங்குகிறதா? வெட்டுக்கு மேலே நுனிவரை தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா? இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அன்றைக்கே மருத்துவமனை. காயம் எவ்வளவு சின்னது என்பது கணக்கிலேயே இல்லை.

வெட்டுப்படாமல் இருக்க? பிளேடு நுனியைச் சலிக்காமல் உடைத்து மாற்றுங்கள். மழுங்கிய பிளேடுதான் பலம் கேட்கும், பலம் கொடுத்தால்தான் சறுக்கும். இரும்பு ஸ்கேல். தடித்த அட்டையை ஒரே இழுப்பில் வெட்டாமல் மூன்று நான்கு மெல்லிய இழுப்பில். ஸ்கேலைப் பிடிக்கும் விரல் எதுவும் ஓரத்துக்கு வெளியே எட்டிப்பார்க்கக் கூடாது.

எழுத்தும் படமும் புடைத்து நிற்கத் தூவும் எம்பாசிங் பவுடரை உருக்கும் ஹீட் கன்னை ஹேர் டிரையர் மாதிரி நினைக்காதீர்கள், அதைவிடப் பல மடங்கு சூடு. அட்டையைத் துணிக் கிளிப்பால் பிடியுங்கள். சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பற்பசையும் வேண்டாம், ஐஸும் வேண்டாம்.

எப்போது காட்ட வேண்டும்? வேலையை நிறுத்தி இரண்டு வாரமாகியும் கட்டைவிரல் பக்கத்து வலி குறையவில்லை என்றால். ராத்திரியில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய்க் கையை உதற வேண்டியிருந்தால்; அது மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதாக இருக்கலாம். காலையில் ஏதாவது ஒரு விரல் மடங்கியபடியே மாட்டிக்கொண்டு 'டக்'கென்று விடுபட்டால்.

அந்த அம்மாவுக்குக் கட்டைவிரலையும் மணிக்கட்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் போட்டோம். ஐந்து வாரம். பலருக்கு இதுவும் ஓய்வும் போதும், சிலருக்கு மருத்துவர் ஊசி போடுவார், அறுவை சிகிச்சை வரை போகிறவர்கள் கொஞ்சம்தான். ஸ்பிளிண்ட் கழற்றிய நாளில் முதல் கேள்வி, "பஞ்ச் எடுக்கலாமா டாக்டர்?"

மேசையில் வைத்து, நின்றுகொண்டு, ஒரு நாளைக்கு இருபது என்றேன்.

"பேரனுக்குப் பிறந்தநாள் வருது. ஒரு அம்பது போட்டுக்கட்டுமா?"

"இருபதும்மா."

"பூ வேணாம், வெறும் நட்சத்திரம். சின்னது. ஒரு நாப்பது?"

இருபத்தைந்தில் முடித்துக்கொண்டோம். போகும்போது வாசலில் திரும்பி, இடது கையால் அடித்தால் அது இந்தக் கணக்கில் சேருமா என்று கேட்டார்.