டெங்குவில் வருவது எந்த 'மூளைக்காய்ச்சல்'?

மழை பிடித்தால் போதும், "டெங்கு மூளைக்காய்ச்சல்" என்று எங்காவது ஒரு செய்தி வந்துவிடுகிறது. மருத்துவர் சொன்னது என்செஃபலைட்டிஸா, என்செஃபலோபதியா, வெறும் மூளை வீக்கமா? எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தான்.

என்செஃபலைட்டிஸ் கிரேக்கம். 'என்கெஃபலோஸ்' தலைக்குள் இருப்பது, அதாவது மூளை, 'ஐட்டிஸ்' அழற்சி. அழற்சிக்கு வேர் அழல். ஆக, மூளையழற்சி. சரி, இது போதும்.

மூளைக்காய்ச்சல் என்ற பெயர் நம்மூரில் ஏற்கெனவே ஜப்பானிய என்செஃபலைட்டிஸ் என்ற வகைக்குப் போய்விட்டது. இந்தியாவில் அது முதலில் தெரியவந்ததே 1955இல், வேலூர்ப் பக்கத்தில். அதைப் பரப்புவது வயல் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு. டெங்குவைப் பரப்புவது வீட்டுத் தொட்டியில் பெருகும் ஏடிஸ். ஜப்பானிய வகைக்குத் தடுப்பூசியும் இருக்கிறது. இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால், "பிள்ளைக்குத்தான் மூளைக்காய்ச்சல் ஊசி போட்டாச்சே" என்று ஒரு தாய் நினைப்பதில் என்ன தப்பு? போதாக்குறைக்கு மூளையுறை அழற்சியான மெனின்ஜைட்டிசையும் இதே பெயரில்தான் எழுதுகிறார்கள்.

அதைவிடப் பெரிய வம்பு 'காய்ச்சல்' என்ற பாதிச் சொல். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் தொடங்குகிறது. உடம்பு தணிந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது பேச்சு குழறலாம், வலிப்பு வரலாம், எதிரே நிற்பவரையே நோயாளிக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். அந்த நேரத்துக்குக் காய்ச்சல் என்று பெயர் வைப்பது விளக்கமா, குழப்பமா?

என்செஃபலோபதியை 'மூளைச் செயலிழப்பு' என்று எழுதுகிறவர்களை என்ன சொல்ல? வெளியே காத்திருக்கும் உறவினர் காதில் அது மூளைச்சாவு என்றே விழும். ரத்த அழுத்தம் சரிவது, கல்லீரல் கெடுவது, சோடியம் குறைவது போன்ற காரணங்களால் மூளை தடுமாறுவது அது. காரணத்தைச் சரிசெய்தால் மீள்கிறவர்கள் உண்டு. 'மூளைச் செயல்குலைவு' என்பேன் நான்.

எம்.ஆர்.ஐ.யிலும் இந்த வேறுபாடு தெரியலாம். செயல்குலைவில் படம் இயல்பாகவே இருக்கலாம், அல்லது வீக்கம் மட்டும் தெரியலாம். அழற்சியில் சிலருக்கு, மூளையின் ஆழத்தில் இரு பக்கமும் இருக்கும் தாலமஸ் என்ற பகுதிகளில் நடுவில் ரத்தக்கசிவு, சுற்றிலும் வளையமாக வீக்கம். ஆங்கிலத்தில் இதை இரண்டு டோனட் (நடுவில் ஓட்டை போட்ட இனிப்புப் பண்டம்) என்கிறார்கள், நம் மொழிபெயர்ப்பாளர்களும் அப்படியே 'இரட்டை டோனட் அறிகுறி' என்று இறக்கிவிடுகிறார்கள். உளுந்து வடையில் ஓட்டை போட்ட ஊரய்யா இது! இரட்டை வடை என்று எழுதக் கை கூசுகிறதா? கூசினால் இரட்டை வளையம் என்றாவது எழுதுங்கள்.