ரெகுலேட்டர் சிமுலேஷன் தவறான வோல்டேஜ் காட்டினால் ஐசியை மாற்றாதீர்கள்

பம்ப்செட் ஸ்டார்ட்டர்களுக்கான கன்ட்ரோல் போர்டு வடிவமைப்பது என் தொழில். கோவை கணபதிப் பக்கம் உள்ள எங்கள் பட்டறைக்கு இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்ட் வேலையாக வருவதுண்டு. வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டரைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனில் எதிர்பாராத அளவு வந்துவிட்டால் பெரும்பாலோர் உடனே ஐசி மாடலை, அதாவது ஐசியின் கணினி வடிவத்தை, மாற்றிப் பார்க்கிறார்கள். பழுது அங்கே இருப்பது அபூர்வம். நாம் மனதில் வரைந்த சர்க்யூட் மென்பொருளுக்குத் தெரியாது. எழுதிக் கொடுத்ததற்குத்தான் அது கணக்குப் போடும்.

ஒரு தம்பி எல்எம்317 என்ற ரெகுலேட்டர் ஐசியை வைத்து வரைந்திருந்தார். அவுட்புட்டை நிர்ணயிக்கும் ரெசிஸ்டர்கள் 240 ஓம், 1.5 கிலோ ஓம். 12 வோல்ட் உள்ளே கொடுத்தால் 9 வோல்ட் வெளியே வர வேண்டும். வந்ததோ 2 மில்லிவோல்ட். "மாடலில்தான் கோளாறு அண்ணா" என்றார். இன்புட்டை 15, 24 என்று ஏற்றியும் அசையவில்லை. லோடு வழியே ஓடும் கரண்ட்டைப் பார்க்கச் சொன்னேன். 2 ஆம்பியருக்கு மேல் ஓடியது!

பேருக்கு ஒரு லோடு இருக்கட்டும் என்று 1 மெகா ஓம் வைக்க நினைத்து, '1எம்' என்று தட்டியிருந்தார். 1973-ல் பெர்க்லியில் பிறந்த ஸ்பைஸ் என்ற சிமுலேஷன் மென்பொருள், பெரிய எழுத்து சிறிய எழுத்து என்று வேறுபாடு பார்ப்பதில்லை. 'எம்' என்றால் அதற்கு மில்லி. மெகாவுக்கு 'எம்இஜி' என மூன்று எழுத்தும் வேண்டும். ஆக, அவுட்புட்டில் இருந்தது 1 மில்லி ஓம், அதாவது ஷார்ட். ஐசி தன் கரண்ட் லிமிட்டில் நின்று கொண்டிருந்தது. மாடல் மிகச் சரியாகவே வேலை செய்திருக்கிறது. கெப்பாசிட்டருக்கு '1எஃப்' என்று எழுதினாலும் இதே கதைதான். அது ஃபாரட் இல்லை, மிக மிகச் சிறிய அளவைக் குறிக்கும் ஃபெம்டோ.

அதனால் அலைவடிவத்தைப் பார்க்கும் முன் டிசி அளவுகளைப் பாருங்கள். 317-ல் அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட் பின்னுக்கும் நடுவே 1.25 வோல்ட் இருக்கிறதா? இன்புட், அவுட்புட்டைவிட 2, 3 வோல்ட் கூடுதலாக இருக்கிறதா? இணையத்தில் எடுத்த மாடலின் பின் வரிசையும் சின்னத்தின் பின் வரிசையும் ஒன்றுதானா? 7805, 7905, 317 ஆகிய மூன்று ரெகுலேட்டர்களுக்கும் வரிசை வேறு வேறு. டிசி சரியாக இருந்தும் அவுட்புட் ஆடினால் கெப்பாசிட்டரைக் கவனியுங்கள். பழைய 1117 வகை ரெகுலேட்டர்களுக்கு அந்தக் கெப்பாசிட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் கொஞ்சம் தேவை. சிமுலேஷனில் நாம் கொடுக்காவிட்டால் அது பூஜ்யம்.

எனக்குப் பெரிய கவலை, எதிர்பார்த்தபடியே வந்துவிடும் முடிவுகள்தான். காங்கேயம், பல்லடம் பக்கம் லைன் கடைசியில் இருக்கும் தோட்டங்களில் 230 வோல்ட் 170-க்கு இறங்கினால், 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் 9-க்கும் கீழே தரும். ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜைத் தாண்டிய உச்சமே 11 வோல்ட் அளவுதான். ரிப்பிள் என்னும் ஏற்ற இறக்கத்தின் பள்ளத்தில் 9 வோல்ட் ரெகுலேட்டர் பிடியை விட்டுவிடும், ரிலே படபடக்கும். இன்புட்டில் வெறும் பேட்டரி சின்னம் போட்டவருக்கு இது தெரியவே தெரியாது. டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், ஃபில்டர் கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் போட்டு, 170 வோல்ட்டிலும் ஓட்டிப் பாருங்கள்.

வெப்பத்தைச் சாதாரண மாடல்கள் காட்டுவதில்லை. கையால்தான் போட வேண்டும். 12 வோல்ட்டை 5 ஆக்கி அரை ஆம்பியர் எடுத்தால் 3.5 வாட். ஹீட்சிங்க் இல்லாத 7805, வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி வீதம் ஏறும். வெயிலில் காயும் தகரப் பெட்டிக்குள் அது 5 வோல்ட் தருவதற்குப் பதில் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்.