வெளிமுகமை: அவுட்சோர்சிங்குக்கு ஏற்ற தமிழ்ச்சொல்

ஒரு நிறுவனமோ அரசோ தான் செய்ய வேண்டிய வேலையை வெளியாரிடம் கொடுத்துச் செய்விப்பதை அவுட்சோர்சிங் என்கிறோம். இதையும் தனியார்மயத்தையும் ஒன்றாகவே பலர் எழுதிவிடுகிறார்கள். அரசு தன் தொலைபேசி நிறுவனத்தை விற்றால் அது தனியார்மயம், உடைமையே கைமாறுகிறது. சிறையை நடத்த ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டால் அது அவுட்சோர்சிங். கைதி அரசின் கைதி, தண்டனை அரசு விதித்தது. பூட்டுபவர் மட்டும் நிறுவனத்தின் ஊழியர்.

சொல் புதியது. 1970களின் கடைசியில் ஆங்கிலத் தொழில் உலகில் புழக்கத்துக்கு வந்தது. 'வெளியே', 'மூலம்' எனப் பொருள்படும் இரு சொற்களின் சேர்க்கை. அரசுப் பணிகளில் இந்த வழக்கம் 1980களில் வேகமெடுத்தது. 1983இல் பிரிட்டன் அரசு, பொது மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை, சமையல் வேலைகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரச் சொன்னது. அரசு சுக்கான் பிடித்தால் போதும், துடுப்புப் போடுவது அதன் வேலையல்ல என்பதே இதன் பின்னுள்ள கொள்கை. 'கவர்ன்மென்ட்' என்ற சொல்லின் வேரே கப்பலைச் செலுத்துவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்தான் என்று ஆதரவாளர்கள் சான்று காட்டுவார்கள்.

வழக்கமோ மிகப் பழையது. ரோமானியக் குடியரசு மாகாண வரிகளை வசூலிக்கும் உரிமையை ஏலம் விட்டது. பிரான்சில் புரட்சி வரும்வரை உப்பு வரி போன்ற மறைமுக வரிகளை ஒரு குத்தகைக் கூட்டமைப்பே வசூலித்தது. ஒப்புக்கொண்ட தொகையை அரசனுக்குக் கட்டிவிட்டால், அதற்கு மேல் வசூலிப்பதெல்லாம் குத்தகைதாரர்களுக்கு. கசக்கிப் பிழிந்தால்தான் லாபம் என்று ஏற்பாட்டிலேயே எழுதியிருந்தது. மக்கள் அதை மறக்கவில்லை. வேதியியல் மேதை லவாய்சியே அந்தக் கூட்டமைப்பின் பங்குதாரர். 1794 மே 8 அன்று மற்ற குத்தகைதாரர்களோடு அவர் தலையும் வெட்டப்பட்டது.

இந்தப் பழைய முறைக்கு 'வரிக் குத்தகை' என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. ஆனால் அவுட்சோர்சிங் முழுவதற்கும் அது பொருந்தாது. குத்தகையில் எடுத்தவர் அரசுக்குப் பணம் கட்டுகிறார். இன்றைய ஒப்பந்தங்களில் பெரும்பாலும் அரசுதான் அவருக்குக் கட்டுகிறது. சிலர் எழுதும் 'அயலாக்கம்' எனக்கு உவப்பில்லை. வேலை அயலாருக்குப் போனது என்று மட்டும் சொல்லி, கொடுத்தவரை அது மறைத்துவிடுகிறது.

செய்தித்தாள்களில் புழங்கும் 'வெளிமுகமை'யே சரி. முகமை என்றால் ஒருவர் சார்பில் இன்னொருவர் செயல்படுவது. யார் சார்பில் என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே நிற்கிறது. பொறுப்பு அரசை விட்டு நழுவ அது இடம் கொடுப்பதில்லை. நடைமுறையை வெளிமுகமை என்றும், அதை நியாயப்படுத்தும் சிந்தனையை வெளிமுகமைக் கொள்கை என்றும் எழுதலாம்.

இந்தக் கொள்கைக்கு எல்லை உண்டா என்பதில்தான் உண்மையான சண்டை. தெருவைக் கூட்டுவதை வெளியே கொடுப்பதும் ஒரு மனிதனை அடைத்துவைக்கும் அதிகாரத்தைக் கொடுப்பதும் ஒன்றாகாது என்பது என் உறுதியான கருத்து. இஸ்ரேல் உச்ச நீதிமன்றமும் 2009இல் இந்தக் கேள்வியைச் சந்தித்தது. லாப நோக்குள்ள நிறுவனம் சிறையை நடத்த அனுமதித்த சட்டத்தை அது செல்லாததாக்கியது. உள்ளே வசதி எப்படி இருக்கும் என்பதை வைத்து அல்ல. லாபம் தேடும் கையில் ஒருவரின் சுதந்திரத்தை ஒப்படைப்பதே அவருடைய கண்ணியத்துக்கு இழுக்கு என்று கூறி.