வீட்டில் பீர் காய்ச்சலாமா, இஞ்சிப் பானம் அடைத்து விற்கலாமா?

தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்ச அனுமதி கிடையாது. விற்பதற்கு அல்ல, சொந்தக் குடிப்புக்கு மட்டும்தான் என்றாலும் கிடையாது. கட்டணம் கட்டினால் உரிமம் வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால், வீட்டுக்கென்று அப்படி ஓர் உரிமமே இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1983-ஆம் ஆண்டின் பீர் ஆலை விதிகள் தொழிற்சாலைகளுக்கானவை. இதை முதலிலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. மன்னார்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள், அங்கே சில கட்டுப்பாடுகளோடு வீட்டில் பீர் செய்ய விடுவதைப் பார்த்துவிட்டு, இங்கும் அதே நினைப்பில் வாளியும் ஈஸ்ட் பொட்டலமுமாக இறங்கிவிடுகிறார்கள்.

பின்னணி சிறியது. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. ஊருக்கு ஊர் டாஸ்மாக் கடை இருப்பதால் அந்தச் சட்டம் செத்துப்போய்விட்டது என்று பலரும் எண்ணுகிறார்கள். மது தயாரிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே அச்சட்டத்தின்படி தடை செய்யப்பட்டவை. அரசு விதிகளின் வழியாக விட்டுக்கொடுத்த அளவுக்கு மட்டுமே விலக்கு உண்டு, அந்த விலக்குகளில் உங்கள் வீட்டு அடுப்படி இல்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் விஷச்சாராயம் குடித்து இறந்ததையடுத்து, அதே மாதம் சட்டப்பேரவையில் திருத்தம் நிறைவேறித் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. அதற்குப் பிறகு மதுவிலக்கு அமலாக்கப் பிரிவினர் வீட்டுக்குள் நுரைத்துக்கொண்டிருக்கும் எந்த வாளியையும் வேடிக்கையாகப் பார்ப்பதில்லை.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், மால்ட் எனும் முளைகட்டிய தானியம், பீருக்குக் கசப்புத் தரும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், காற்றுப்போக்கி பொருத்திய வாளி ஆகிய எல்லாம் இணையக் கடைகளில் தடையின்றிக் கிடைக்கின்றன. விற்பவன் பிடிபடவில்லை, ஆகவே செய்பவனும் பிடிபடமாட்டான் என்று வாங்குகிறவர்கள் கணக்குப் போடுகிறார்கள். சட்டத்தின் 4-ஆம் பிரிவு மது தயாரிப்பதை மட்டும் குற்றமாக்கவில்லை. தயாரிப்பதற்கான பொருள், பாத்திரம், கருவி ஆகியவற்றை அந்த நோக்கத்தோடு வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. நீங்கள் செய்தது லாகரா, ஏலா, ஸ்டவுட்டா, கோதுமை பீரா என்ற நுணுக்கத்தையெல்லாம் வழக்குப் பதிகிறவர் கேட்கப்போவதில்லை. வாளியில் இருப்பது அவருடைய தாளில் ‘ஊறல்’, அதாவது சாராயத்துக்காகப் புளிக்கவைத்த கலவை, என்று ஏறிவிட்டால், அதை இறக்குவதற்கு நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டியவர் நீங்கள்தான்.

காரைக்காலைக் காட்டிச் சொல்லப்படும் யோசனைகளையும் நம்ப வேண்டாம். அது புதுச்சேரி ஆட்சிப் பகுதி, அங்கே நடப்பது வேறு கலால் சட்டம். அங்கே காய்ச்சியதோ வாங்கியதோ, நண்டலாறு அல்லது வாஞ்சூர் சோதனைச் சாவடியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால், நம் மாநிலச் சட்டம் அதன்மேல் விழும். வண்டியும் சேர்ந்து போகும். கிறிஸ்துமஸுக்காக வீட்டில் திராட்சை ரசம் புளிக்கவைக்கும் குடும்பங்களுக்கும் ஒரு சொல்: வழக்கமாகச் செய்கிறோம் என்பது சட்டத்தில் விலக்கு ஆகாது. அதைப் புட்டியில் அடைத்து விலை சொல்லி வாட்ஸ்அப் குழுவில் போடுவது, வழக்குக்கு வேண்டிய ஆதாரத்தை நீங்களே எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

இனி எதைச் செய்யலாம் என்பதற்கு வருகிறேன். என்னிடம் கேட்க வருகிறவர்களில் பெரும்பாலோர் பீர் காய்ச்சுகிறவர்கள் அல்லர். இஞ்சிப் பானமும் நன்னாரியும் பானகமும் அடைத்து விற்க நினைக்கும் மகளிர் குழுப் பெண்களும், வேலை கிடைக்காமல் சிறுதொழில் தேடும் இளைஞர்களுமே. சட்டப்படி விற்க உரிமையுள்ள இவர்களைத்தான் அலுவலகங்கள் அதிகம் அலைக்கழிக்கின்றன.

மது எது, மது அல்லாதது எது என்பதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் ஒரு கோடு கிழித்திருக்கின்றன. கொள்ளளவில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது மதுபானம். நன்னாரி, பானகம், எலுமிச்சைப் பாகு போன்றவற்றைப் புளிக்கவைக்காமல் செய்தால் இந்தக் கோட்டின் பக்கமே போக மாட்டீர்கள். ஈஸ்ட் இட்டோ, இஞ்சியையும் சர்க்கரையையும் ஊறவைத்த புளிக்காடி இட்டோ செய்யும் ‘ஜிஞ்சர் பீர்’ வகைகளில்தான் ஆபத்து. ஒரு லிட்டரில் ஏறத்தாழ 8 கிராம் சர்க்கரை புளித்தாலே அரை விழுக்காடு ஆல்கஹால் வந்துவிடும். இரண்டு சிறு கரண்டிச் சர்க்கரைதான் அது. காணொளிகளில் சொல்லும் செய்முறைகளோ லிட்டருக்கு 100 கிராம் போடச் சொல்கின்றன. அது முழுவதும் புளித்தால் 6 விழுக்காட்டை நெருங்கும், அதாவது கடையில் விற்கும் ஸ்டிராங் பீரின் அளவு. புட்டியை இறுக மூடி, இயற்கையாகவே சோடா போல நுரை வரட்டும் என்று விட்டால், அந்த நுரைக்கு வேண்டிய வாயு உண்டாகும்போதே பெரும்பாலும் கோடு தாண்டப்பட்டிருக்கும்.

சித்திரை வெயிலில் நம் பக்கத்து வீடுகளில் இரவில்கூட வெப்பம் தணிவதில்லை. காலையில் கோட்டுக்குள் இருந்த புட்டி, கடைக்காரரின் அலமாரியில் மூன்றாம் நாள் கோட்டுக்கு வெளியே போயிருக்கும், அல்லது வெடித்திருக்கும். குளிர்பெட்டியில் வைத்தால் புளிப்பு மெதுவாகுமே தவிர நின்றுவிடாது. ஆகவே விற்பனைக்குச் செய்கிறவர்கள் புளிக்கவைக்கும் வழியை விட்டுவிட்டு, இஞ்சியைக் கொதிக்கவைத்துப் பாகாக்கி, சோடா இயந்திரத்தில் வாயு ஏற்றி அடைப்பதே நல்லது. சுவையில் கொஞ்சம் குறையும், உண்மைதான். வழக்குக்கு வக்கீல் பிடிக்க வேண்டியிராது.

இப்போது பதிவுச் சான்று. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்படி உணவுப் பொருள் செய்து விற்கும் எவரும் பதிவோ உரிமமோ பெற வேண்டும். 2011-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள்ளும், உற்பத்தி நாளொன்றுக்கு 100 லிட்டருக்குள்ளும் இருந்தால் பதிவு போதும்; அதற்கான அரசுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். நூறு ரூபாய் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் இதற்கே ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இணையத்தில் தேடினால் முதலில் வருவன பெரும்பாலும் அரசுச் சின்னம் போலவே ஏதோ ஒன்றைப் போட்டுக்கொண்ட தனியார் தளங்கள். அரசுத் தளத்தின் பெயர் ஃபாஸ்காஸ்; அதன் முகவரி, அரசுத் தளங்களுக்கே உரிய ‘ஜி ஓ வி புள்ளி ஐ என்’ என்று முடியும். அப்படி முடியாத தளத்தில் பணம் கட்டாதீர்கள்.

இடைத்தரகர் மூலம் போகிறவர்களுக்கு இன்னொரு பெரிய கண்ணி காத்திருக்கிறது. விண்ணப்பத்தில் அவர் தம்முடைய கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுகிறார். அன்று யாரும் கவனிப்பதில்லை. புதுப்பிக்கும் நேரத்தில் ஓடிபி அவருக்குப் போகும், கணக்கைத் திறக்க முடியாது, அவர் சொல்கிற தொகையே கட்டணமாகிவிடும். இ-சேவை மையத்தில் செய்தாலும், பிரௌசிங் சென்டரில் செய்தாலும், எண் உங்களுடையதா என்று திரையில் உங்கள் கண்ணால் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். தொழில் வகை கேட்கும் இடத்தில் ‘உற்பத்தியாளர்’ என்பது தேர்வாகியிருக்க வேண்டும். அவசரத்தில் ‘சில்லறை விற்பனை’ என்று அழுத்திவிடுகிறார்கள். சான்று வந்துவிடும், ஆனால் பானம் செய்வதற்கு அது செல்லாது, சோதனைக்கு வருகிறவர் முதலில் பிடிப்பதும் அதைத்தான்.

சான்று ஆளுக்கு அல்ல, இடத்துக்கு. குழுவில் மூன்று பேர் மூன்று வீடுகளில் செய்தால் தலைவி பெயரில் வாங்கிய ஒரே சான்று மூன்று வீட்டுக்கும் பொருந்தாது. முடிந்தால் ஒரே இடத்தில் செய்யுங்கள்.

ஆவணங்கள் பற்றிய குழப்பத்தில்தான் மிகுதியான நாட்கள் வீணாகின்றன. பதிவுக்கு வேண்டியவை புகைப்படம், அடையாளச் சான்று, தொழில் செய்யும் இடத்தின் முகவரிச் சான்று. பேரூராட்சித் தடையின்மைச் சான்று, தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, கட்டட வரைபடம் என்று நீளும் பட்டியல் பெரிய உற்பத்தியாளர் உரிமத்துக்கானது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுத் தொழில் செய்யும் பெண்ணை நாலு அலுவலகம் சுற்றவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ‘எந்த விதியின் கீழ் இந்த ஆவணம் வேண்டும், எழுத்தில் தாருங்கள்’ என்று பணிவாகக் கேட்டால் பட்டியல் பாதியாகிவிடும். தண்ணீர் விஷயத்தில் மட்டும் விதிக்காக அல்லாமல் உங்களுக்காகவே பரிசோதனை செய்துகொள்வது நல்லது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் உவர்ப்பானது. பானத்துக்குக் கொள்ளிடம் கூட்டுக் குடிநீரைப் பயன்படுத்துங்கள், அல்லது குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பார்த்துவிடுங்கள்.

விண்ணப்பித்த பிறகு அலுவலகம் எத்தனை நாள் எடுத்துக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே வசதி என்று நினைக்கிற நாற்காலிகளும் உண்டு. ஒழுங்குமுறை தெளிவாக இருக்கிறது. விண்ணப்பம் வந்த 7 நாட்களுக்குள் சான்று தர வேண்டும், அல்லது காரணத்தை எழுத்தில் சொல்லி மறுக்க வேண்டும், அல்லது இடத்தைப் பார்வையிட அறிவிப்புத் தர வேண்டும். பார்வையிடுவதானால் 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இந்த இரண்டு கெடுவில் எது தவறினாலும் சிறு உற்பத்தியாளர் தொழிலைத் தொடங்கிக்கொள்ளலாம். பின்னர் அலுவலர் சொல்லும் திருத்தங்களைச் செய்தால் போதும். உங்கள் தரப்பைக் கேட்காமல் மறுக்கவும் கூடாது. ஆகவே “அம்மா, ஐயா கேம்ப் போயிருக்காங்க, திங்கக்கிழமை வாங்க” என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். 17 இலக்க விண்ணப்ப எண் உள்ள ஒப்புகையை அச்செடுத்து, பணம் கட்டிய நாளைக் குறித்து, 7 நாள் கடந்ததும் உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்டத் தலைமை அதிகாரியான நியமன அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதத்தைப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து எண் வாங்குங்கள்; 1100 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். இடையே விண்ணப்பத்தில் ஏதாவது குறை என்று அலுவலர் திருப்பி அனுப்பியிருந்தால் அது தளத்தில்தான் தெரியும், வீட்டுக்குக் கடிதம் வராது. வாரம் இருமுறை கணக்கைத் திறந்து பாருங்கள்; பதில் சொல்லாமல் விட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகும், கட்டிய பணமும் போகும்.

சான்று கையில் வந்ததும் புட்டிக்கும் ஒட்டுத்தாளுக்கும் வாருங்கள். பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று பீர் பாட்டில்களைக் கழுவிப் பானம் அடைக்காதீர்கள். உள்ளே இருப்பது இஞ்சித் தண்ணீராகவே இருந்தாலும், சோதனைக்கு வருகிறவரின் கண்ணில் படுவது பாட்டில்தான். ஒட்டுத்தாளில் ‘பீர்’ என்ற சொல்லே வேண்டாம். ‘இஞ்சிப் பானம்’ என்று போடுங்கள். பானத்தின் பெயர், அளவு இறங்குவரிசையில் சேர்பொருள்கள், நிகர அளவு, தொகுதி எண் (பேட்ச் நம்பர்), தயாரித்த நாள், காலாவதி நாள், செய்தவர் பெயர் முகவரி, பச்சை சைவக் குறி, 14 இலக்கப் பதிவு எண், அதிகபட்ச சில்லறை விலை, புகார் தெரிவிக்க ஓர் எண் ஆகியவை இருக்க வேண்டும். பதிவு எண் 2 என்ற இலக்கத்தில் தொடங்கும். 1-இல் தொடங்குவது உரிம எண். வேறொருவரின் எண்ணை ஒட்டுத்தாளில் அச்சிட்டுத் தரும் அச்சகக்காரரின் ‘உதவி’யை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

முன்கூட்டியே அடைத்த பொருள் விற்பவர்கள் எடையளவுச் சட்டத்தின் கீழும் தொழில் தொடங்கிய 90 நாட்களுக்குள் 500 ரூபாய் கட்டிப் பதிய வேண்டும். இதை உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் யாரும் சொல்லமாட்டார்கள், ஏனெனில் இது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. ஒரு துறையின் வேலையை இன்னொரு துறை சொல்லாததால் அபராதம் கட்டியவர்கள் நிறைய.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுக்க வந்தால் தடுக்காதீர்கள். எடுத்த பொருளுக்கு அவர் விலை கொடுக்க வேண்டும். மாதிரியை நான்கு பங்காக்குவது முறை. அதில் ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரும் உரிமை உங்களுக்கு உண்டு, அங்கேயே எழுதிக் கேளுங்கள். பகுப்பாய்வு அறிக்கை பாதகமாக வந்தால் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்ய 30 நாள் இருக்கிறது. வந்தவர்கள் மதுவிலக்குப் பிரிவினர் என்றால், பதிவுச் சான்றின் நகலைக் காட்டுங்கள், கைப்பற்றிய பொருள்களின் பட்டியலைப் படித்துப் பார்த்து ஒரு படி கேளுங்கள், ஆல்கஹால் அளவை ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும் என்று எழுத்தில் கோருங்கள், வெற்றுத் தாளில் எக்காரணம் கொண்டும் கையெழுத்திடாதீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கடமைப்பட்டிருக்கிறது. அதற்கான எண் 15100.