முதல் ஐந்து ஓட்டு

ரெடிட் மாதிரியான தளங்களில் எந்தச் செய்தி மேலே நிற்க வேண்டும் என்பதைப் படிப்பவர்களின் ஓட்டுதான் முடிவு செய்கிறது. பிடித்தால் அப்வோட், பிடிக்காவிட்டால் டவுன்வோட். ஆளுக்கு ஒரு ஓட்டு, எல்லா ஓட்டும் சமம் என்று நம்பித்தான் நாமும் போடுகிறோம். உண்மையில் ஓட்டின் எடை அது விழும் நேரத்தைப் பொறுத்து மாறுகிறது. கள்ள ஓட்டுக்காரர்கள் புகுந்து விளையாடுவதும் இங்கேதான்.

ரெடிட் பல ஆண்டுகள் தன் நிரலைப் பொதுவில் வைத்திருந்ததால் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். அப்வோட்டிலிருந்து டவுன்வோட்டைக் கழித்து, மிச்சத்துக்கு மடக்கை எடுக்க வேண்டும் (பள்ளியில் படித்த அதே 10 அடிமான மடக்கை). ஒரு குறிப்பிட்ட பழைய தேதியிலிருந்து பதிவு வெளியான நேரம் வரை எத்தனை நொடி என்று எடுத்து, 45,000 ஆல் வகுத்து அதோடு கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை பெரிதாக உள்ள பதிவு மேலே நிற்கும். 45,000 நொடி என்பது பன்னிரண்டரை மணி நேரம்.

ஒருவர் பதிவு போடுகிறார். அவருடைய சொந்த ஓட்டு தானாகச் சேர்ந்து கணக்கு 1-ல் தொடங்கும். ஐந்து ஃபேக் ஐடியில் நுழைந்து ஐந்து அப்வோட் போட்டால் 6 ஆகிவிடும். மடக்கை மதிப்பு 0-விலிருந்து 0.78-க்கு ஏறுகிறது. நேரமாக மாற்றினால் ஏறக்குறைய ஒன்பதே முக்கால் மணி நேரம். அத்தனை நேரம் கழித்து வந்த, ஓட்டு விழாத வேறொரு பதிவோடு இது சரிக்குச் சரி நிற்கும். அதே ஐந்து ஓட்டு, ஏற்கெனவே 500 வாங்கிய பதிவுக்கு விழுந்தால் கிடைப்பது மூன்று நிமிடச் சொச்சம்தான்.

கீழே தள்ளுவது இன்னும் சுலபமாக இருந்தது. பழைய நிரலில் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போனால் நேரத்துக்கான புள்ளியும் கழித்தல் குறிக்கு மாறிவிடும். போட்ட சில நிமிடங்களில் இரண்டே டவுன்வோட் விழுந்தாலும் பதிவு வரிசையின் அடியில் புதைந்துவிடும். யார் கண்ணிலும் படாததைக் காப்பாற்ற யார் வருவார்? உழைத்து எழுதியவருக்கு நடந்த அநியாயம் இது. எழுதியது சரியில்லை போல என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். பிறகு இதைத் திருத்திவிட்டார்கள்.

நிரலைத் திருத்தலாம், மனித மனத்தை என்ன செய்வது? லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் மூவரும் 2013-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு சமூகச் செய்தித் தளத்தில் 1,01,281 கருத்துகளை எடுத்து, குலுக்கல் முறையில் சிலவற்றுக்கு மட்டும் தாங்களே ஒரு அப்வோட் போட்டார்கள். ஒன்றே ஒன்று. அடுத்துப் படித்தவர் அப்வோட் போடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. கடைசி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. வேண்டுமென்றே டவுன்வோட் போட்டவற்றையோ மற்றவர்கள் வந்து தூக்கிவிட்டார்கள். பொய்யாகத் திட்டினால் கூட்டம் தட்டிக்கேட்கிறது, பொய்யாகப் புகழ்ந்தால் சேர்ந்து கைதட்டுகிறது. என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

தடுக்க வழி இல்லாமல் இல்லை. ஒரே கூட்டமாகத் திரும்பத் திரும்ப ஓட்டுப் போடும் கணக்குகளைத் தளங்கள் பிடிக்கின்றன. தன் ஓட்டு எண்ணப்பட்டதா என்று பிடிபட்ட ஐடிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, காட்டும் எண்ணிக்கையைச் சற்றே கூட்டிக் குறைத்துக் காட்டுகிறது ரெடிட். கருத்துகளை வரிசைப்படுத்த, எட்வின் வில்சன் 1927-ல் தந்த புள்ளியியல் சூத்திரத்தை 2009-ல் கொண்டுவந்தது. ஓட்டு குறைவாக இருந்தால் அதை முழுதாக நம்பாதே என்பது அதன் சாரம். 95 சதவீத நம்பிக்கை அளவில் கணக்கிட்டால், ஆறு அப்வோட் மட்டும் வாங்கிய கருத்துக்கு ஒன்றுக்கு 0.61 மதிப்பெண், நூறு அப்வோட்டும் இருபது டவுன்வோட்டும் வாங்கியதற்கு 0.76. ஐந்து ஃபேக் ஐடி இங்கே எடுபடாது.

எனக்குப் பிடித்த வழி இன்னும் எளிமையானது. ரெடிட்டின் போட்டி முறையில் மதிப்பெண்ணை மறைத்து, வருகிறவர் ஒவ்வொருவருக்கும் வரிசையைக் கலைத்துப் போட்டுக் காட்டுகிறார்கள். முதலில் விழுந்த ஓட்டு எதை மேலே தூக்கியது என்று அங்கே யாருக்கும் தெரியாது. கருத்தைப் படித்துப் பார்த்துத்தான் ஓட்டுப் போட வேண்டும்.